இரு யானைகளின் நடுவே ஒரு கிளாரினெட்

யானையும் யானையும் மோதினால் நடுவில் மடிவது சருகுமான் என்பார்கள் மலாய்க்காரர்கள். இனிய நாதம் எழுப்பும் இசைக்குழுவிலும் இது நடக்கும் என்றால் நம்புவீர்களா, வாசகர்களே?

ஜெர்மனியின் பெர்லின் பில்ஹார்மோனிக் 1882இல் தோன்றிய இசைக்குழு. புதியவரைச் சேர்ப்பதா என்பதை அங்கே வாத்தியம் வாசிப்பவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். 1955 முதல் குழுவை நடத்தி வந்த காராயான், 1982இல் சபீனே மையர் என்ற 23 வயதுப் பெண்ணைக் கிளாரினெட் வாசிக்கக் கொண்டுவர விரும்பினார். ஓட்டெடுப்பு நடந்தது. எதிர்ப்பு 73, ஆதரவு 4!

அவருடைய நாதம் மற்றவர்களோடு இழையவில்லை என்றனர் குழுவினர். பெண் என்பதால்தானோ என்று ஊரார் கேட்டனர். ஆனால், அதே ஆண்டில் வயலின் வாசிக்கும் பெண்மணி ஒருவரைக் குழு முதன்முறையாகச் சேர்த்திருந்தது. தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்பதே பெரும் சச்சரவாயிற்று.

காராயான் விடவில்லை. ஒப்பந்தத்திற்கு மேல் வெளிநாட்டுப் பயணமும் இசைத்தட்டுப் பதிவும் கிடையாது என்றார். அடி விழுந்தது வருமானத்தில்! நிர்வாகம் அப்பெண்ணைத் தற்காலிகமாக அமர்த்தியது. 1984இல் அவர் தாமாகவே விலகினார். பின்னர் தனிக்கலைஞராக உலகப் புகழ் பெற்றார். காராயானும் 1989இல் பதவி துறந்தார். அடுத்த தலைவர் அப்பாடோவை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தவர்கள் அதே கலைஞர்கள்தாம்.

தொழிற்சங்கமோ கோயில் கமிட்டியோ, உரிமைக்காகப் போராடத்தான் வேண்டும். அந்தப் போராட்டத்திற்கு ஒருவருடைய திறமையைப் பகடைக்காயாக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்!