பகடையில் மறுபடி நடக்கும் 1871

பாடநூல் எதுவானாலும் சரி, தடிமனாக இருந்தால் போதும். கண்ணை மூடிக்கொண்டு நடுவில் விரிக்க வேண்டும். இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் அந்தப் பந்தின் கதி. 2, 4, 6 வந்தால் அத்தனை ரன். 8 வந்தால் ஒரு ரன். 0 வந்தால் அவுட். கடலூர் செம்மண்டலம், மஞ்சக்குப்பம் தொடங்கி சிதம்பரம் வரை, வாத்தியார் வராத பீரியடில் புக் கிரிக்கெட் ஆடாமல் வளர்ந்த பையன்கள் குறைவு. நோட்டின் பின்பக்கத்தில் கோடு கிழித்து, கவாஸ்கரும் கபில்தேவும் ஒரு தலைமுறைக்கு, சச்சினும் திராவிடும் அடுத்த தலைமுறைக்கு என்று, உலகக் கோப்பைகளே அங்கே நடந்து முடிந்திருக்கின்றன.

இந்த ஆட்டத்துக்குள் சுத்தமான கணக்கு ஒன்று இருக்கிறது. இடப்பக்கம் எப்போதும் இரட்டை எண். ஆகவே ஐந்து முறை விரித்தால் ஒரு முறை 0 வரும் என்று எதிர்பார்க்கலாம். ஒரு பேட்ஸ்மேன் அவுட் ஆவதற்கு முன் சராசரியாக நான்கு பந்துகள் தப்பிப்பார். தப்பிய பந்துக்குச் சராசரி மூன்றேகால் ரன். தலைக்கு 13 ரன், பத்து விக்கெட்டுக்கு 130.

130 என்ற எண்ணுக்குத் தமிழ்நாட்டில் ஒரு வரலாறு உண்டு. 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் தொடங்கிய ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் சென்னை அணி எடுத்த ஓட்டங்கள் சரியாக 130. எம்.ஜே. கோபாலன் முதல் பந்தை வீசினார். எதிரே ஆடிய மைசூர் 48க்கும் 59க்கும் சுருண்டது. ஒரே நாளில் ஆட்டம் முடிந்து, சென்னை இன்னிங்ஸும் 23 ரன்னும் வித்தியாசத்தில் வென்றது.

புக் கிரிக்கெட்டில் 130 அடிக்கடி வரும். 48 வருவது அபூர்வம். ஏனென்றால் பாடநூலுக்கு ஏ.ஜி. ராம்சிங் யாரென்று தெரியாது. அன்றைக்கு அவர் முதல் இன்னிங்ஸில் 19 ரன்னுக்கு 6 விக்கெட், இரண்டாவதில் 16 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். பந்து வீசுவது யார், மட்டை பிடிப்பது யார் என்று பக்க எண் பார்ப்பதில்லை. ஆட்டக்காரரின் திறமையைப் பகடைக்குள் ஏற்றிவிட முடிந்தால், நடந்து முடிந்த ஒரு பருவத்தை முழுசாக மறுபடி நடத்தலாம். அமெரிக்கர்கள் பேஸ்பாலுக்கு அதைத்தான் செய்தார்கள்.

அங்கே இந்த ஆசை விளையாட்டின் வயசுக்குப் பக்கத்தில் வயசு உடையது. எம்பயர் கிளப்புக்குப் பந்து எறிந்த பிரான்சிஸ் செப்ரிங், வீட்டுக்குள் ஆடும் பலகைப் பேஸ்பாலுக்கு 1868இல் காப்புரிமை வாங்கினார். ஆனால் அதில் தனி ஆட்டக்காரர் கிடையாது. கிளிஃபர்ட் வான் பீக் 1930இல் வெளியிட்ட ‘நேஷனல் பாஸ்டைம்’ விளையாட்டில்தான் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அவருடைய நிஜக் கணக்கின்படி தனி அட்டை வந்தது. ரிச்சர்ட் சீட்ஸ் 1951இல் கொண்டுவந்த ‘ஏபிபிஏ’ அதன் வழித்தோன்றல். 1961இல் ஹால் ரிச்மன் ‘ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்’ வெளியிட்டார். பதினொரு வயதிலேயே பகடைகளை உருட்டி உருட்டி, எந்தக் கூட்டுத்தொகை எத்தனை முறை வருகிறது என்று பார்த்துத் தொடங்கிய வேலை அது.

அந்த அமைப்பு எளிது, அழகும்கூட. மூன்று பகடைகள். முதல் பகடையில் 1, 2, 3 விழுந்தால் மட்டைக்காரரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 விழுந்தால் பந்து எறிபவரின் அட்டை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை எந்த வரி என்று சொல்லும். ஏழு விழ 36இல் ஆறு வாய்ப்பு, பன்னிரண்டு விழ ஒன்றே ஒன்று. ஆகவே ஒருவரின் வழக்கமான விளைவுகள் ஏழின் பக்கத்திலும், அபூர்வமானவை ஓரத்திலும் இருக்கும். நூறு ஆட்டம் உருட்டினால் அந்த மனிதர் நிஜத்தில் அடித்த அளவுக்குக் கிட்டத்தட்ட அட்டையிலும் அடிப்பார். இன்று கணினி நிரல்கள் இதை நொடியில் செய்கின்றன. ஆனாலும் ஒரு பருவத்தின் ஆட்டங்களைத் தேதி வாரியாக ஒவ்வொன்றாக நடத்தி, ஒவ்வொன்றுக்கும் ஸ்கோர் எழுதி, பட்டியல் போட்டு மாதக்கணக்கில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு கூட்டத்துக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேல்தான் காதல்.

அந்தக் காதலுக்குக் காரணம் உண்டு. 1871 மார்ச் 17 அன்று நியூயார்க்கில் கூடி அமைத்த தேசியத் தொழில்முறைச் சங்கத்தின் முதல் பருவத்தைப் பார்த்தாலே புரியும். முன்கூட்டிப் போட்ட ஆட்ட அட்டவணையே கிடையாது. கிளப்புகள் கடிதம் எழுதித் தங்களுக்குள் தேதி பேசிக்கொண்டன. மே 4 அன்று இந்தியானா மாநிலத்து ஃபோர்ட் வெய்னில் நடந்த முதல் ஆட்டத்தில் கெகியோங்கா அணி கிளீவ்லாந்தை 2–0 என்று வென்றது. அந்தப் பருவத்தில் ஓரணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்து ஓட்டங்களுக்கு மேல் எடுத்தது என்றால் இந்த 2–0 எத்தனை விசித்திரம்! வென்ற கெகியோங்காவோ பருவம் முடியும் முன்பே கலைந்துபோனது.

பத்து ஓட்டங்களுக்குக் காரணம் வெறும் கை. கையுறை இல்லாமல் பிடித்த காலம். ஓரணி ஓர் ஆட்டத்தில் ஆறேழு பிழை செய்வது சாதாரணம். பந்தைத் தோளுக்கு மேலிருந்து வீசக் கூடாது, கீழ்க்கை எறிதான். எறியும் இடம் 45 அடி தூரத்தில். மட்டைக்காரர் உயரப் பந்து வேண்டும், தாழ்ந்த பந்து வேண்டும் என்று கேட்டு வாங்கலாம். கிட்டத்தட்ட எல்லா ஆட்டத்தையும் ஒரே ஆள் எறிந்தார். பாஸ்டனுக்கு அப்படி எறிந்தவர் ஆல்பர்ட் ஸ்பால்டிங். இன்றைய விதிக்கு எழுதிய நிரலில் இந்த மனிதர்களைப் போட்டால் மூன்றாம் நாளே களைப்பில் விழுந்துவிடுவார்கள். 1884இல் ‘ஓல்ட் ஹாஸ்’ ராட்போர்ன் பிராவிடன்ஸ் அணிக்காக 600 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார். அதை ஏற்றுக்கொள்ளும்படி நிரலைத் திருத்துவதற்கே தனி ஞானம் வேண்டும்.

திருத்தங்கள் அதோடு நிற்காது. பந்தை முதலில் எல்லைக்குள் குத்தவிட்டு வெளியே ஓடவைக்கும் அடியில் ராஸ் பார்ன்ஸ் கெட்டிக்காரர். 1876இல் அவர் சராசரி .429. அடுத்த ஆண்டு விதியை மாற்றி அந்த அடியை ஒழித்தார்கள். 1887இல் மட்டும் மூன்றுக்குப் பதில் நான்கு ஸ்டிரைக்குக்குத்தான் அவுட். 1893இல்தான் எறியும் தூரம் 60 அடி 6 அங்குலம் என்று நிலைத்தது. ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய ஒரு புது விளையாட்டு. மறுபடி ஆட விரும்புகிறவர் பகடையைத் தொடும் முன் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் படித்தாக வேண்டும்.

பகடைக்கு அடங்காத நிகழ்வுகளும் உண்டு. 1871 அக்டோபர் 8 அன்று சிகாகோ தீப்பிடித்தது. முன்னணியில் இருந்த சிகாகோ ஒயிட் ஸ்டாக்கிங்ஸின் மர மைதானம் எரிந்தது, உடைகளும் போயின. இரவல் சட்டைகளோடு ஊர் ஊராகப் போய் மிச்ச ஆட்டங்களை ஆடினார்கள். அக்டோபர் 30 அன்று புரூக்ளினில் பிலடெல்பியா அத்லெட்டிக்ஸிடம் 4–1 என்று தோற்றபோது கோப்பை கை நழுவியது. பாஸ்டன் கதை வேறு: அதன் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஜார்ஜ் ரைட் காலில் அடிபட்டு ஏறத்தாழப் பாதி ஆட்டங்களில் இறங்கவில்லை. மறுநடத்துபவர் முடிவு செய்ய வேண்டும். தீயை அப்படியே வைப்பதா? ரைட்டின் காலைக் காப்பாற்றுவதா? தீயை அப்படியே வைப்பதே நியாயம் என்று தோன்றுகிறது. தீ நிஜமாக நடந்தது. அது இல்லாத 1871 அந்த ஊர்க்காரர்களின் 1871 அல்ல. ரைட்டின் கால் மட்டும் ஆட்டத்துக்குள் நேர்ந்தது, அதைப் பகடையிடம் விடலாம்.

இத்தனையும் சாத்தியமானதற்கு ஹென்றி சாட்விக் முக்கியக் காரணம். இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் 1824இல் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா போய், பத்திரிகைக்குக் கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றி எழுதிவந்தவர் அவர். பேஸ்பால் மேல் மனம் போனபோது கிரிக்கெட்டின் ஸ்கோர் எழுதும் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் யார் எத்தனை அடித்தார், எத்தனை பிழை செய்தார் என்று கட்டம் கட்டிச் செய்தித்தாளில் அச்சிடும் வழக்கம் அவரால் வேரூன்றியது. அப்படி ஸ்கோர் எழுதிவைக்கும் பழக்கம் இருந்ததால்தான் டெலவர் பல்கலைக்கழக உயிரியல் பேராசிரியர் டேவிட் ஸ்மித் 1989இல் ‘ரெட்ரோஷீட்’ தொடங்கி, பழைய ஆட்டங்களின் விவரங்களைத் தன்னார்வலர்களோடு சேகரிக்க முடிந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழில்முறைப் பேஸ்பால் நம் பக்கத்துக் கடலையும் தொட்டிருக்கிறது. ஸ்பால்டிங் அதற்குள் சிகாகோ அணியின் முதலாளி, விளையாட்டுப் பொருள் வியாபாரி. 1888 இறுதியில் இரண்டு அணிகளைக் கூட்டிக்கொண்டு உலகைச் சுற்றக் கிளம்பினார். ஹவாய், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா கடந்து 1889 ஜனவரியில் கப்பல் கொழும்பு வந்தது. அங்கே ஓர் ஆட்டம் நடந்தது. பிறகு எகிப்து, அதன் பின் ஐரோப்பா. எதிரணித் தலைவர் ஜான் மாண்ட்கமரி வார்ட் சட்டம் படித்தவர், ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவர். அவர் கடலில் இருந்த காலத்தில் முதலாளிகள் ஆட்டக்காரர்களை ஐந்து தரமாகப் பிரித்து 1,500 முதல் 2,500 டாலருக்குள் சம்பளத்தை அடக்க முடிவு செய்தார்கள். அதன் எதிரொலியாக 1890இல் ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று தனி லீக் கண்டார்கள். ஒரே ஆண்டு உயிரோடு இருந்த லீக் அது. பகடையில் 1890ஐ நடத்துகிறவர்கள் மூன்று லீக்குகளை ஒரே சமயம் ஓட்ட வேண்டியிருப்பது இதனால்தான்.

அட்டை இல்லாதவர்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின ஆட்டக்காரர் 1884இல் டொலீடோ அணிக்கு ஆடினார். அதன் பிறகு கதவு சாத்தப்பட்டது. அடுத்த கறுப்பினத்தவர் பெரிய லீக்கில் ஆட 1947இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிஜத்தில் யாரை உள்ளே விட்டார்களோ அவர்களுக்கு மட்டும்தான் அட்டை உண்டு. இந்தியாவிலும் அதே காயம். பல்வாங்கர் பாலூ 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தவர். சாதியால் இந்து அணியின் தலைமை அவருக்குக் கிடைக்கவில்லை. தம்பி விட்டலுக்கு 1923இல்தான் அது கிடைத்தது. அமெரிக்காவில் கறுப்பினத்தவர் நடத்திய லீக்குகளின் ஸ்கோர்களைக் கறுப்பினப் பத்திரிகைகளிலிருந்து ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் பொறுக்கி எடுத்தார்கள். 2024இல் அந்தக் கணக்குகள் பெரிய லீக்கின் அதிகாரப்பூர்வப் பதிவில் சேர்ந்தன. வாழ்நாள் சராசரியில் .372 என்று ஜாஷ் கிப்சன் முதலிடம் பிடித்தார். இறந்து 77 ஆண்டுகளுக்குப் பிறகு. செய்தித்தாள் மூலையில் யாரோ அச்சிட்ட சிறு கட்டங்கள் இல்லாவிட்டால் அந்த நீதியும் இல்லை.

சாட்விக் இறந்த 1908ஆம் ஆண்டில்தான் சென்னையில் புச்சிபாபு நாயுடுவும் காலமானார். 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி இந்தியர்களுக்கு மட்டை பிடிக்க இடம் கொடுத்தவர் அவர். அவர் ஏற்பாடு செய்த ஐரோப்பியர்–இந்தியர் ஆட்டம் பின்னாளில் பொங்கல் நாள்களில் சேப்பாக்கத்தை நிறைத்தது. 1915–16 முதல் முதல்தரத் தகுதி பெற்று, 1951–52 வரை நீடித்தது. ராம்சிங்குக்கும் கோபாலனுக்கும் ஐரோப்பியர் பக்கம் ஆடிய சி.பி. ஜான்ஸ்டனுக்கும் அட்டை எழுதி, அந்தப் பொங்கல் ஆட்டங்களை வரிசையாக உருட்டிப் பார்க்கத் தமிழ்நாட்டில் யாராவது உட்கார்ந்தால் என்ன? புக் கிரிக்கெட்டில் பழகிய கைக்கு மூன்று பகடை பெரிய காரியம் அல்ல.

ஸ்கோர்களைக் காப்பதில் மாவட்டங்களின் நிலைமைதான் அவசரம். கடலூர், சிதம்பரம், நெய்வேலி மைதானங்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் யாரோ ஒருவர் ஸ்கோர்புக்கோடு உட்கார்கிறார். பந்துக்குப் பந்து புள்ளி வைக்கிறார். ஆட்டம் முடிந்து ஊருக்கு எட்டுவது ‘இத்தனை ரன் வித்தியாசத்தில் வெற்றி’ என்ற ஒற்றை வரி. அட்டை எழுத அந்த வரி உதவாது. யார் யாருக்கு எத்தனை பந்து வீசினார், எந்தப் பந்தில் விக்கெட் விழுந்தது, கேட்ச் பிடித்தவர் யார் என்பது உள்பக்கங்களில் இருக்கிறது. பருவம் முடிந்ததும் அந்தப் புத்தகங்களைப் படமெடுத்து ஒரு நூலகத்தில் சேர்க்க வேண்டும். சிதம்பரத்தில் 1929 முதல் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. அங்கே உடற்கல்வித் துறையும் இருக்கிறது, நூலகமும் இருக்கிறது. ஓர் ஆட்டத்துக்கு நாலைந்து பக்கங்கள்தான் வரும். கைப்பேசி கேமரா போதும். மொத்த ஸ்கோர் உள்ள முதல் பக்கத்தோடு நிறுத்திவிடாமல், பந்துவீச்சுப் பக்கத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும்.