மறதி வந்த பெரியவங்களை எப்படிப் பார்த்துக்கொள்வது?



கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனிகளுக்கு ஷிப்டு வேலைக்குப் போகும் பெண்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அவர்கள் கிளம்பிய பிறகு வீட்டில் இருப்பது மாமியாரோ, மாமனாரோ, பெற்ற தாயோதான். அவர்களுக்கு மறதி வந்தால் "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடலாமா? கூடாது.

எதைக் கவனிக்க வேண்டும்?

கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவது எல்லோருக்கும் வரும். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, நேற்று நடந்ததை அடியோடு மறப்பது, சில்லறைக் கணக்கில் தடுமாறுவது ஆகியவை கூடிக்கொண்டே வந்தால் கவனிக்க வேண்டும். குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் தானே செய்கிறார், ஞாபகம் மட்டும் வயதுக்கு மீறிக் குறைகிறது என்றால் அது லேசான மறதி நிலை. இது பைத்தியம் இல்லை. டிமென்ஷியா என்கிற மறதி நோயும் இல்லை. சிலருக்குப் பின்னால் அப்படி மாறலாம். சிலருக்கு அப்படியே நிற்கும். சிலருக்குச் சரியாகியும் விடும்.

2023ல் வெளியான இந்திய ஆய்வின்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் 100க்கு 7 பேருக்கு மேல் டிமென்ஷியா இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம்.

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்

பி12 சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் இவற்றாலும் மறதி வரும். இவற்றைச் சரிசெய்யலாம். காது சரியாகக் கேட்காவிட்டாலும் மறதி மாதிரியே தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது, சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். சர்க்கரையும் பிரஷரும் கட்டுப்பாட்டில் இருப்பது மூளைக்கும் நல்லது.

நேற்றுவரை நன்றாக இருந்தவர் திடீரென்று குழம்பினால், வாய் கோணினால், அது மறதி இல்லை. உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. மாத்திரை: போட்டதை மறந்து மறுபடியும் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. காலை, இரவு என்று தனித்தனி டப்பாவில் அன்றைய மாத்திரையை மட்டும் வையுங்கள். மீதி உங்கள் கையில் இருக்கட்டும். வியர்த்து, கை நடுங்கினால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108க்குப் போன் செய்யுங்கள்.

2. அடுப்பு: வேலைக்குக் கிளம்பும் முன் கேஸ் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுப் போங்கள்.

3. வெளியே போவது: நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் நமக்குப் பக்கம். சுருக்குப் பையில் பெயர், ஊர், போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும். பக்கத்து வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

4. பேச்சு: "இப்பத்தானே சொன்னேன்!" என்று கத்தாதீங்க. அவங்க வேணும்னு மறக்கலை. ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும், முகம் பார்த்து நிதானமாகச் சொல்லுங்கள்.

5. வேலை: கீரை ஆய்வது, பூ கட்டுவது, காலையில் கொஞ்ச தூரம் நடப்பது எதையும் நிறுத்த வேண்டாம். சும்மா உட்கார வைத்தால் மறதி கூடும்.

6. பணம்: போனில் யார் கேட்டாலும் ஓடிபி சொல்லக் கூடாது என்று சொல்லி வையுங்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவர் கூட இல்லாமல் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்தோ கைநாட்டோ வேண்டாம்.

பார்த்துக்கொள்கிறவருக்கும் துணை வேண்டும்

கோவாவில் டிமென்ஷியா உள்ளவர்களைப் பராமரிக்கும் 81 குடும்பங்களில் ஓர் ஆய்வு நடந்தது. டாக்டர்கள் அல்லாத உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். ஆலோசனை சொன்னார்கள், மனம் விட்டுப் பேசவைத்தார்கள். பராமரிப்பவர்களின் மன உளைச்சல் குறைந்தது என்று 2008ல் முடிவு வெளியானது. பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசுவது நமக்குப் புதிதா?

அடுத்த குழுக் கூட்டத்தில், சேமிப்புக் கணக்கு முடிந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: "யார் வீட்டில் மறதி உள்ள பெரியவங்க இருக்காங்க?" அந்த உறுப்பினர் ஷிப்டுக்குப் போகிற நாளில் யார் எட்டிப் பார்ப்பது என்று முறை போட்டுக்கொள்ளுங்கள். முதியோர் உதவி எண் 14567ஐயும் எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.