பேட்டன்ட் ஏஜென்ட் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேருமுன்

நியமனக் கடிதத்தில் 'ட்ரெய்னி பேட்டன்ட் அட்டர்னி' என்று அழகாக அச்சிட்டுத் தருவார்கள். அப்படியொரு நிலை நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் பதிவுபெற்ற பேட்டன்ட் ஏஜென்ட்டை மட்டுமே அறியும். சி.ஏ. படிக்கும் பிள்ளைக்கு ஆர்ட்டிகிள்ஷிப் காலம் எவ்வளவு, குறைந்தபட்ச உதவித்தொகை எவ்வளவு என்பதற்கெல்லாம் விதி இருக்கிறது. பேட்டன்ட் பயிற்சியாளருக்கு அப்படி எதுவும் இல்லை. சேரும் நாளில் வாங்கும் கடிதம்தான் அவருக்குக் காவல். சம்பளம், வேலை நேரம், யார் மேற்பார்வையில் வேலை, ஏஜென்ட் ஆவதற்கான தேர்வுக்குப் படிக்க விடுப்பு உண்டா என்பதெல்லாம் அதில் எழுத்தில் இருக்கட்டும்.

ஏஜென்ட் ஆவதற்கான தகுதியைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் பட்டம் வேண்டும். சட்டப் பட்டம் தேவையில்லை. பி.காம்., பி.எல். முடித்தவர்கள் இந்தத் தேர்வை எழுத முடியாது என்பதைச் சொல்லாமலே பணம் கட்டவைக்கும் பயிற்சி மையங்களிடம் எச்சரிக்கை தேவை. தேர்வில் 100 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள்கள், 50க்கு நேர்முகம். தாள் ஒவ்வொன்றிலும் 50 எடுத்து, மொத்தத்தில் 60 சதவீதம் தொட வேண்டும். தேர்வு ஆண்டுதோறும் நடக்கும் என்று நம்பி வாழ்க்கைக் கணக்குப் போடாதீர்கள். 2018க்கு அடுத்த தேர்வு 2023இல்தான் நடந்தது.

இரண்டாம் தாள், காப்புரிமை விவரக்குறிப்பை எழுதும் திறனைச் சோதிப்பது. அதன் உயிர் 'கிளெய்ம்' (உரிமைக் கோரிக்கை) எழுதுவதில் இருக்கிறது. புத்தகம் படித்து மட்டும் அது வராது. மூத்தவர் ஒருவர் சிவப்பு மையால் அடித்துத் திருத்தித் திருத்தித்தான் கைவரும். ஆனால் பல அலுவலகங்களில் பயிற்சியாளரை ஆண்டுக்கணக்கில் தேடல் வேலையிலும் கெடு குறிக்கும் வேலையிலுமே உட்காரவைத்துவிடுகிறார்கள். "கிளெய்ம் எழுத எப்போது தருவீர்கள், யார் திருத்துவார்?" என்று நேர்காணலிலேயே கேளுங்கள். சம்பளத்தைவிட இந்தக் கேள்விக்கான பதில் முக்கியம் என்பது என் கருத்து.

இனி ஆபத்துகள். பதிவில்லாத எவரும் ஏஜென்ட்டாகத் தொழில் செய்யவோ தம்மை அப்படி அழைத்துக்கொள்ளவோ கூடாது என்கிறது 129ஆம் பிரிவு. பிறர் அப்படி அழைக்க இடம் கொடுப்பதையும் அதே பிரிவு தடுக்கிறது. அலுவலக இணையதளத்தில் உங்கள் படத்துக்குக் கீழே 'பேட்டன்ட் ஏஜென்ட்' என்று போட்டிருந்தால், நீக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். மீறினால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் நாளொன்றுக்கு மேலும் 1,000 ரூபாய். உங்கள் மேலதிகாரிக்கே பதிவு இருக்கிறதா என்பதை, அரசின் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் உள்ள ஏஜென்ட் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம்.

ஏஜென்ட்டுகள் ஆவணங்களை மின்வழியில்தான் தாக்கல் செய்ய வேண்டும். அதனால் டிஜிட்டல் கையொப்ப டோக்கனைக் கடவுச்சொல்லோடு பயிற்சியாளரிடம் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் இருக்கிறது. இதை மிகவும் கவலையோடு சொல்கிறேன். அந்தக் கையொப்பத்தைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது அதன் உரிமையாளரின் சட்டக் கடமை. தவிர்க்க முடியாவிட்டால், ஒவ்வொரு தாக்கலுக்கும் முன் அவருடைய ஒப்புதலை மின்னஞ்சலில் வாங்குங்கள். காப்புரிமை அலுவலகத்தின் முதல் ஆய்வறிக்கைக்கு 6 மாதத்துக்குள் பதில் போகாமலும் நீட்டிப்புக் கேட்காமலும் விட்டால், விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். யாரோ ஒருவருடைய பல வருட உழைப்பு அதோடு போய்விடும். அப்போது பழி கடைசி ஆளான உங்கள் மேல் விழாமல் காப்பது அந்த மின்னஞ்சல்கள்தான். தாக்கலாகாத கண்டுபிடிப்பைத் திருத்தித் தரச் சொல்லி இலவச ஏ.ஐ. செயலிகளில் ஒட்டுவதும் வேண்டாம். ரகசியம் கசிந்தால் புதுமை என்ற தகுதியே போய்விடக்கூடும்.

பாண்டு விஷயத்துக்கு வருவோம். வேலையை விட்ட பிறகும் வேறு அலுவலகத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை, ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி செல்லாது. குறிப்பிட்ட காலம் வேலை செய்யாவிட்டால் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை அப்படியல்ல. நியாயமான அளவில் இருந்தால் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025இல் ஒரு வங்கி வழக்கில் தீர்ப்பளித்தது. தொகையைப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். சான்றிதழ்களைச் சரிபார்க்க அசலைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. வாடிக்கையாளர் ரகசியம் காக்கும் கடமை மட்டும் வேலையை விட்ட பிறகும் தொடரும்.

பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், சம்பளமில்லாத பயிற்சியாளரையும் பணியாளர் என்றே கொள்கிறது. பேட்டன்ட் ஏஜென்ட் அலுவலகங்கள் பல சிறியவை. பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் 3 மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம்.

ஏஜென்ட்டின் தொழில்முறைத் தவறு குறித்து, ஆதாரங்களோடு காப்புரிமைக் கட்டுப்பாட்டாளருக்கு எழுதலாம். பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் அதிகாரம் 130ஆம் பிரிவில் இருக்கிறது. சம்பளப் பாக்கிக்கு முதலில் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம், பிறகு வக்கீல் நோட்டீஸ். வக்கீலுக்குக் கட்டப் பணமில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணையத்தை அழைக்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே இல்லாமல் அங்கே இலவச உதவி கிடைக்கும்.