துறை மாறினால் தோல்வியா?

மதவாச்சியிலிருந்து மன்னாருக்குப் போகும் வீதியில் இருக்கிறது செட்டிகுளம். அப்படியொரு ஊரிலிருந்து ஒரு பிள்ளை மருத்துவ பீடத்துக்குத் தெரிவானால் அது அந்த ஒரு வீட்டுச் செய்தியாக நிற்பதில்லை. ஊரே இனிப்புக் கொடுக்கும். வவுனியா மாவட்டம் பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களின் பட்டியலில் உள்ளது. இங்கிருந்து போகும் ஒவ்வொரு பிள்ளையையும் ஊர் தன் பிள்ளையாகவே பார்க்கிறது. அதில் தவறில்லை.

ஆனால் அந்தப் பிள்ளை வைத்தியராகி, சத்திரசிகிச்சை நிபுணராகும் பயிற்சியிலும் சேர்ந்த பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்து, “வாப்பா, இந்தத் துறை எனக்குச் சரிவரவில்லை. உளமருத்துவத்துக்கு மாறப் போகிறேன்” என்று சொன்னால்? உம்மாவின் முகம் வாடும். வாப்பா, “இத்தனை வருசம் படித்தது இதற்குத்தானா மகன்?” என்பார். சம்பந்தம் பேசி வைத்தவர்கள் முணுமுணுப்பார்கள். பெற்றோர்களே, அந்த நாளில் நீங்கள் என்ன சொல்வீர்கள்? அதை இப்போதே யோசித்து வைப்பது நல்லது.

முதலில் இந்தப் படிப்பின் பாதையைத் தெரிந்து கொள்ளுங்கள். மருத்துவ பீடத்தில் 5 ஆண்டுகள். பின்பு ஓராண்டு உள்ளகப் பயிற்சி. அதன் பின் அரச வைத்தியசாலையில் நியமனம். நிபுணராக விரும்புகிறவர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் நடத்தும் தெரிவுப் பரீட்சையில் தேற வேண்டும். இடங்களோ குறைவு, போட்டியோ கடுமை. தேறினால் சில ஆண்டுகள் ரெஜிஸ்ட்ராராகப் பயிற்சி, எம்.டி. பரீட்சை, அதற்கு மேலும் உயர் பயிற்சி, பெரும்பாலும் வெளிநாட்டிலும் ஒரு காலம். இத்தனைக்கும் பிறகே விசேட வைத்திய நிபுணர் என்ற அங்கீகாரம் கிடைக்கும். அதற்குள் வயது முப்பதைத் தாண்டிவிடுவது சாதாரணம்.

இவ்வளவு நீண்ட பாதையில் ஒருவர் தவறான துறையை எப்படித் தெரிவு செய்கிறார் என்று கேட்பீர்கள். காரணம் எளியது. உள்ளகப் பயிற்சி ஆறு ஆறு மாதங்களாக இரண்டு பிரிவுகளில்தான். பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, மகப்பேறு, குழந்தை மருத்துவம் போன்ற பெரிய பிரிவுகளில் எவையேனும் இரண்டு. மயக்க மருந்து, கதிரியக்கம், நோயியல், உளமருத்துவம் போன்ற துறைகளில் முழுப் பொறுப்போடு நின்று பார்க்கும் வாய்ப்புப் பலருக்குக் கிடைப்பதில்லை. பரீட்சைக்குப் படிக்கும் துறை வேறு. நள்ளிரவில் தனியாக நின்று தீர்மானம் எடுக்கும் துறை வேறு. பயிற்சிக்குள் போன பிறகுதான் பலருக்கு அது புரிகிறது.

பிரித்தானியாவில் இதை உணர்ந்தே, மருத்துவப் படிப்பு முடிந்தவர்களைப் பல பிரிவுகளில் இரண்டு ஆண்டுகள் சுற்றவிட்டு, அதன் பிறகே துறையைத் தெரிவு செய்ய விடுகிறார்கள். அமெரிக்காவிலும் ஒரு துறையில் பயிற்சி தொடங்கியவர் மீண்டும் விண்ணப்பித்து வேறு துறைக்குப் போவது உண்டு. துறை மாறுவது நம் பிள்ளைக்கு மட்டும் நேர்ந்த விபரீதம் அல்ல.

இதற்கு மதுரையில் ஒரு பெரிய சான்று இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1918இல் வடமலாபுரம் என்ற கிராமத்தில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் பட்டம் பெற்று இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். மகப்பேற்று மருத்துவராவதே அவருடைய எண்ணம். ஆனால் கடுமையான முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. 1948இல் இராணுவத்தை விட்டு விலக நேர்ந்தது. விரல்கள் கோணிப் போயின. அந்தக் கைகளோடு மகப்பேற்றுத் துறையில் நிற்க முடியாது.

அவர் வீட்டில் முடங்கிவிடவில்லை. மீண்டும் மாணவராகி, கண் மருத்துவத்தில் 1951இல் டிப்ளோமாவும், 1954இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். கோணிய விரல்களுக்கு ஏற்ற கருவிகளைச் செய்வித்துக் கொண்டு கண் சத்திரசிகிச்சை பழகினார். தன் வாழ்நாளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் சத்திரசிகிச்சைகள் செய்தார். 1976இல், 58 வயதில் அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்றதும் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஏழைகளுக்கு இலவசமாகவும் மிகக் குறைந்த கட்டணத்திலும் பார்வை கொடுப்பதில் உலகம் வந்து கற்றுக்கொள்ளும் நிறுவனமாக அது வளர்ந்தது. 2006இல் அவர் காலமானார்.

சிந்தித்துப் பாருங்கள். முப்பது வயதில் அவர் துறை மாறியபோது, “படித்ததெல்லாம் வீண்” என்று சொன்னவர்களும் இருந்திருக்கக் கூடும். இன்று அதை யார் சொல்வார்கள்?

ஆனால் மாற விரும்பும் எல்லோரும் மாறத்தான் வேண்டும் என்பதல்ல. பிள்ளை சொன்னதும் கோபப்படாமல் அருகில் இருத்தி, மூன்று விடயங்களைக் கேளுங்கள்.

முதலாவது, நீ ஒன்றைவிட்டு ஓடுகிறாயா, ஒன்றை நோக்கிப் போகிறாயா? கடுமையான மேலதிகாரி ஒருவர், நோயாளி ஒருவரின் மரணம், தொடர்ச்சியான இரவுக் கடமை ஆகியவை எந்தத் துறையையும் கசக்கச் செய்யும். அப்படியானால் மாற வேண்டியது துறையல்ல. பயிற்சி பெறும் இடமாக இருக்கலாம். நித்திரையின்றி, மனம் சோர்ந்து போயிருந்தால் முதலில் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும். களைத்த மனதோடு பெரிய தீர்மானம் எடுக்கக் கூடாது.

இரண்டாவது, போக விரும்பும் துறையை அருகிலிருந்து பார்த்தாயா? சில நாட்களாவது அந்தப் பிரிவில் நின்று, அதில் பத்து ஆண்டுகள் கழித்தவரோடு பேச வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாத் துறையும் இலகுவாகத்தான் தெரியும்.

மூன்றாவது, விலை என்ன? துறை மாறுகிறவர் பெரும்பாலும் மீண்டும் தெரிவுப் பரீட்சை எழுத வேண்டும். சில ஆண்டுகள் பின்னால் போகும். அரச செலவில் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போகிறவர் திரும்பி வந்து சேவை செய்வதாக ஒப்பந்தமும் எழுதிக் கொடுக்கிறார். ஆகவே மாறுவதென்றால் ஆரம்பத்தில் மாறுவதே நல்லது. மனைவி பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் இருத்தி மஷூரா செய்ய வேண்டும். இன்னொன்றும் உண்டு: பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்தவர் அதன் பிறகு இருதயம், நரம்பு, சிறுநீரகம் என்று கிளை பிரிந்து போகலாம். சிலருக்கு அந்தக் கிளை வரை பொறுத்திருப்பதே போதும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். “நம் பெண்களைப் பார்க்கப் பெண் டாக்டர் தேவை” என்று சொல்லி எத்தனையோ மகள்மாரை மகப்பேற்றுத் துறைக்கே தள்ளுகிறோம். தேவை உண்மைதான். ஆனால் மார்பில் கட்டி வந்த பெண்ணுக்கு ஸ்கேன் எடுப்பவர், பிரசவ அறையில் மயக்க மருந்து கொடுப்பவர், பிள்ளை பெற்ற பின் மனம் கலங்கிய தாயோடு பேசுபவர், இவர்களும் பெண்ணாக இருந்தால் நம் பெண்களுக்கு ஆறுதல் இல்லையா? ஒரு துறை மட்டுமே சேவை என்று யார் சொன்னது?

செட்டிகுளத்து மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2009இல் இங்குள்ள மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் தங்க வைக்கப்பட்டிருந்தார்கள். 2012 செப்டம்பரில்தான் அது மூடப்பட்டது. காயத்தோடு வந்தவர்களுக்குச் சத்திரசிகிச்சை நிபுணர் தேவைப்பட்டார். மயக்க மருந்து கொடுப்பவர் இல்லாமல் அவரால் கத்தியை எடுக்க முடியுமா? கர்ப்பிணிகள் இருந்தார்கள், கைக்குழந்தைகள் இருந்தார்கள். உறவுகளைப் பறிகொடுத்து நித்திரை இழந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு மருந்துக்கு முன் தேவைப்பட்டது செவிகொடுத்துக் கேட்கும் ஒருவர். அந்த நேரத்தில் எந்தத் துறை உயர்ந்தது, எது தாழ்ந்தது?

விருப்பமில்லாத துறையில் பெயருக்காக நிற்கும் வைத்தியர் தானும் வாடுவார். அவர் கையில் வரும் நோயாளிக்கும் அது நல்லதல்ல. பெற்றோரின் பெருமைக்காக ஒரு நோயாளி விலை கொடுக்கக் கூடாது. முதல் துறையில் கற்றதும் வீணாகாது. சத்திரசிகிச்சைப் பிரிவில் மூன்று வருடம் நின்றவர் கதிரியக்கப் படத்தைப் பார்க்கும்போது, கத்தி எங்கே போக வேண்டும் என்பதையும் அறிந்தே பார்ப்பார்.

ஆகவே உங்கள் வீட்டு டாக்டர் மகனோ மகளோ தயங்கித் தயங்கி இந்தப் பேச்சை எடுத்தால், “ஊர் என்ன சொல்லும்?” என்று கேட்காதீர்கள். “எந்த நோயாளியின் பக்கத்தில் நிற்க உனக்கு மனம் வருகிறது?” என்று கேளுங்கள். அதற்கு அவர்கள் சொல்லும் பதிலைக் குறுக்கிடாமல் கேளுங்கள்.