கன்னக்கோல் இல்லாக் கள்வர்

காவிரி பாயும் தஞ்சைத் தரணியை விட்டு, அக்காவிரி நீரையே பருகும் மைசூருவில் குடியேறிய குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்கள் கும்பகோணத்தை மறப்பதில்லை. 1904இல் அந்நகரில் தோன்றிய சிட்டி யூனியன் வங்கியையும் நன்கறிவர். அவ்வங்கிக்கு 2018ஆம் ஆண்டு நேர்ந்ததை அன்பர்களுக்கு இன்று நினைவூட்ட விழைகிறோம்.

அவ்வாண்டு பிப்ரவரி 6 மாலை, வங்கிகள் நாடு கடந்து பணம் அனுப்பக் கையாளும் ஸ்விஃப்ட் அமைப்பின் வழியே, அலுவலர் எவரும் இடாத மூன்று கட்டளைகள் புறப்பட்டன. ஏறத்தாழ இருபது லட்சம் டாலர் துபாய்க்கும் துருக்கிக்கும் சீனத்துக்கும் அனுப்பப்பட்டது. ஒப்புகைகளை அச்சிடும் பொறியையும் கள்வர் முன்னரே முடக்கியிருந்தனர். மறுநாள் கணக்கை ஒப்பிட்டபோதுதான் களவு வெளிப்பட்டது. துபாய்க்குச் சென்ற தொகை மீண்டது. துருக்கிக்குச் சென்றது தடுக்கப்பட்டது. சீனத்துக்குச் சென்ற பத்து லட்சம் டாலரோ, பொய்ப் பத்திரங்களைக் காட்டி உரிமை கோரப்பட்டதாக வங்கி அறிவித்தது.

பணப்பெட்டிக்கு மட்டுமே இவ்வாபத்து என எண்ணற்க. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தகவல்கள், பகைவன் கையில் சாவி உள்ள பூட்டினால் பூட்டப்பட்டாற்போல் மறைகுறியாக்கப்பட்டன. நோயாளர் பதிவு முதலிய பணிகள் பல நாட்கள் கையெழுத்திலேயே நடைபெற்றன. வலையமைப்பை முறையாகப் பகுத்து வைக்காமையே காரணம் என்று அரசு பாராளுமன்றத்தில் கூறிற்று. இடைச்சுவர் இல்லாத வீட்டில் ஓரறைத் தீ எங்கும் பரவுவது இயல்பன்றோ?

பிழை மலிந்த கடிதத்தைக் கொண்டு கள்வனை அறிந்த காலமும் போயிற்று. இன்று செயற்கை நுண்ணறிவு பிழையற எழுதுகிறது. தெரிந்தவர் குரலிலேயே பேசவும் செய்கிறது.

சிறிய அமைப்புகளை யார் தேடி வருவர் என்று நாமும் எண்ணியிருந்தோம். சென்ற திங்கள், மண்டப முன்பணத்தை உடனே செலுத்துமாறு தலைவர் பெயரில் நம் பொருளாளருக்கு ஒரு செய்தி வந்தது. அவர் தலைவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். தலைவர் அத்தகைய செய்தி எதனையும் அனுப்பவேயில்லை! நம் பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்கென அன்பர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், அவ்வொரு கேள்வியால் பிழைத்தது.

ஆகவே, இனி இருவர் ஒப்புதலின்றிச் சங்கப் பணம் வெளிச்செல்லலாகாது. உறுப்பினர் பட்டியலின் படியொன்று, இணையத்தோடு தொடர்பின்றித் தனியே இருத்தல் வேண்டும். ஏமாந்தவர் நாணி மறைத்தல், கள்வனுக்கே துணையாகும். நிறுவனங்கள் இத்தகைய தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது செர்ட்-இன் அமைப்பு 2022இல் பிறப்பித்த ஆணை. பணம் இழந்த குடும்பத்தினர் 1930 என்னும் எண்ணை உடனே அழைத்தல் நலம். தாமதிக்கும் ஒவ்வொரு நாழிகையும் பணம் கைமாறிச் செல்லும்.

கும்பகோணத்தில் களவைக் காட்டிக் கொடுத்தது புதுமையான பொறி எதுவுமன்று. நாள்தோறும் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய வழக்கமே. அவ்வழக்கத்தை நம் இல்லங்களிலும் கைக்கொள்வோமாக.