பிக்கப் வண்டியின் வாட்டர் பம்ப்: தேர்வும் தண்ணீரும்

டீசல் எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவானதே வண்டியை இழுக்கும் வேலையாக மாறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி சைலன்சர் வழியே புகையோடு வெளியேற, மொத்த ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, சிலிண்டர் சுவர்களையும் அவற்றுக்கு மேல் மூடியாக அமைந்த ஹெட்டையும் சூடாக்கி, அங்கிருந்து குளிர்விக்கும் நீருக்குள் இறங்குகிறது. அந்த நீரை எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே இடைவிடாமல் ஓடச்செய்வது, எஞ்சினின் முகப்பில் பெல்ட்டால் சுழலும் வாட்டர் பம்ப் ஆகும். சுமார் 50 கிலோவாட் திறனுள்ள ஒரு பிக்கப் எஞ்சின் முழுச் சுமையில் ஓடும்போது 40 கிலோவாட் அளவு வெப்பம் நீருக்குச் செல்வதாகவும், அந்த நீர் ரேடியேட்டரைக் கடக்கையில் 7 டிகிரி குளிர்வதாகவும் கொண்டால், ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் தேவை என்ற கணக்கின்படி, பம்ப் நிமிடத்திற்கு ஏறத்தாழ 80 லிட்டர் நீரைத் தள்ளியாக வேண்டும். எஞ்சினிலும் ரேடியேட்டரிலும் சேர்த்து இருப்பதோ பத்து லிட்டரை ஒட்டிய அளவுதான் என்பதால், அதே நீர் நிமிடத்திற்கு எட்டு முறை சுற்றிவருகிறது. இந்த ஓட்டம் சில நிமிடங்கள் தடைபட்டாலும் ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கெட் பிளந்து, பம்பின் விலையைப் போலப் பல மடங்கு செலவு வந்துசேரும்.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில், சேலையூருக்கும் செம்பாக்கத்துக்கும் இடையே அமைந்த ராஜகீழ்ப்பாக்கம், 2021இல் உருவாக்கப்பட்ட தாம்பரம் மாநகராட்சியின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. தண்ணீர் கேன், காய்கறி, கட்டுமானப் பொருள், வீடு மாற்றுவோரின் தட்டுமுட்டுச் சாமான் என இப்பகுதியின் சரக்குப் போக்குவரத்தில் பெரும்பங்கு சிறிய டீசல் வண்டிகளையே நம்பியிருக்கிறது. கேம்ப் ரோடு சந்திப்பின் நெரிசலில் ஊர்ந்து, பிறகு ஜி.எஸ்.டி. சாலையில் முழுச் சுமையோடு விரைந்து, சித்திரை, வைகாசி வெயிலில் நாள் முழுவதும் ஓடும் இவ்வண்டிகளின் குளிர்விப்பு அமைப்புக்கு ஓய்வு என்பதே குறைவு. 2003 மே 31 அன்று சென்னையில் வெப்பநிலை 45 டிகிரியைத் தொட்டது. வெளிக்காற்று அந்த அளவுக்குச் சூடேறும்போது, ரேடியேட்டர் நீருக்கும் காற்றுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு சுருங்குவதால், பம்பில் உள்ள சிறு குறையும் டெம்பரேச்சர் மீட்டரில் உடனே தெரிந்துவிடும்.

வாட்டர் பம்ப் மையவிலக்கு வகையைச் சேர்ந்தது. தண்டின் ஒரு முனையில் புல்லியும், மறுமுனையில் இம்பெல்லர் எனப்படும் இறக்கைச் சக்கரமும் பொருத்தப்பட்டிருக்க, நடுவில் பேரிங்கும் சீலும் அமைகின்றன. சுழலும் இறக்கைகள் நடுவில் நுழையும் நீரை விளிம்பை நோக்கி வீச, அந்த வேகம் பம்பின் உடலில் அழுத்தமாக மாறி நீரை எஞ்சினுக்குள் செலுத்துகிறது. இறக்கைகளின் நுனிக்கும் அவற்றை எதிர்நோக்கும் உடற்சுவருக்கும் இடையிலான இடைவெளி பொதுவாக ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். அது அகன்றால், வீசப்பட்ட நீரின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிக் கசிவதால், வெளித்தோற்றத்தில் எக்குறையும் இல்லாத பம்ப்கூடப் போதிய நீரைத் தள்ளாது. சுழற்சி வேகம் இரட்டித்தால் தள்ளும் நீரும் ஏறத்தாழ இரட்டிக்கும், உண்டாகும் அழுத்தமோ நான்கு மடங்காகும் என்பது மையவிலக்கு பம்புகளுக்குரிய பொது விதி. ஆகவே புல்லியின் விட்டம் சிறிது மாறினாலும் பம்பின் நடத்தை மாறிவிடுகிறது.

இந்தக் கருவியில் மிகுந்த நுட்பம் சீலில்தான் இருக்கிறது. தண்டோடு சுழலும் ஒரு வளையமும், உடலோடு அசையாமல் நிற்கும் ஒரு வளையமும், ஒன்று கார்பனாலும் மற்றது செராமிக் அல்லது சிலிக்கான் கார்பைடாலும் ஆனவை, ஸ்பிரிங்கின் விசையால் ஒன்றையொன்று அழுத்தியபடி உரசுகின்றன. அவ்விரு முகங்களும் கண்ணாடியைப் போல் வழவழப்பாகத் தீட்டப்பட்டவை. அவற்றுக்கிடையே ஊடுருவும் மிக மெல்லிய நீர்ப்படலமே அவற்றுக்கு மசகாகவும் குளிர்விப்பாகவும் அமைகிறது. நீரே இல்லாமல் சில நொடிகள் ஓடினாலும், அல்லது மணல் துகளோ உப்புப் படிகமோ இடையில் சிக்கினாலும், அம்முகங்களில் கீறல் விழுந்து ஒழுக்கு தொடங்குகிறது. சீலைக் கடந்துவரும் நீர் பேரிங்கைச் சென்றடையாமல் வெளியேறுவதற்கென்றே பம்பின் அடிப்புறத்தில் ஒரு சிறு கசிவுத் துளை விடப்பட்டுள்ளது. புதிய பம்பில் முதல் சில நாட்கள் அங்கே லேசான ஈரம் தெரிவது இயல்பு. சொட்டுச் சொட்டாக விழுந்தால் சீல் தன் ஆயுளை முடித்துவிட்டது என்பது பொருள். அத்துளையை எம்-சீல் வைத்து அடைத்துவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதனால் ஒழுக்கு மறைகிறதே தவிர நிற்பதில்லை. போக்கிடமற்ற நீர் பேரிங்குக்குள் புகுந்து கிரீஸைக் கழுவிவிட, தண்டு ஆட்டம் கண்டு, அதில் பொருத்தப்பட்ட ஃபேன் ரேடியேட்டரையே கிழிக்கும் நிலை வரலாம். துளையை அடைப்பதற்கு வண்டி உரிமையாளர் ஒருபோதும் உடன்படக் கூடாது.

சீலின் ஆயுளைத் தீர்மானிப்பதில் தென்சென்னைப் புறநகரின் நிலத்தடி நீருக்குத் தனிப் பங்கு உண்டு. பல்லாவரம், தாம்பரம் பகுதிகளின் அடியில் இருப்பது சார்னோகைட் என்னும் கடினப் பாறை. அது சிதைந்து மண்ணாகும்போது வெளிப்படும் கால்சியமும் மக்னீசியமும் ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்து அதைக் கடினநீராக்குகின்றன. வெந்நீர்ப் பானையின் அடியில் நாளடைவில் ஏறும் வெள்ளைப் படலமே எஞ்சினின் நீர்வழிகளிலும் ஏறுகிறது. அப்படலம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. உதிர்ந்தால் துகள்களாகிச் சீலின் முகங்களை அரிக்கிறது. நீரில் குளோரைடு மிகுந்திருந்தால் அலுமினிய உடலும் இரும்பு இறக்கைகளும் குழிகுழியாக அரிக்கப்படுகின்றன. கூலன்ட் கலந்தால் போதும், தண்ணீர் எதுவானாலும் பாதகமில்லை என்ற எண்ணமும் சரியன்று: சிலவகைக் கூலன்ட்களில் அரிமானத்தைத் தடுக்கச் சேர்க்கப்படும் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் கடினநீரோடு சேரும்போது வீழ்படிவாகிப் பயனற்றுப் போகின்றன. ஆகவே வண்டியின் கையேடு குறிப்பிடும் வகைக் கூலன்டை டிஸ்டில்டு வாட்டரோடு உரிய விகிதத்தில் கலந்தோ, முன்கூட்டியே கலந்து விற்கப்படும் வகையை நேரடியாகவோ ஊற்ற வேண்டும். நிறத்தை மட்டும் பார்த்து இருவகைக் கூலன்ட்களை ஒன்றாகக் கலப்பதையும் தவிர்க்க வேண்டும். நல்ல பம்பை வாங்கிப் போர்வெல் தண்ணீரை ஊற்றுபவர், கொடுத்த விலையின் பெரும்பகுதியை அன்றே இழக்கிறார்.

புதிய பம்பைத் தேடுமுன் பழையதைக் கழற்றிக் கையில் வைத்துப் படிக்க வேண்டும். மாற்றுப் பம்பின் தேர்வில் இந்த ஒரு படியே மிகுதியும் புறக்கணிக்கப்படுகிறது. கசிவுத் துளையைச் சுற்றி நிறமேறிய உப்புத் தடம் இருந்தால் சீல் போயிருக்கிறது. தண்டை அசைக்கையில் ஆட்டமும் சுழற்றுகையில் கரகரப்பும் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது. அதற்குக் காரணம் அளவுக்கு மீறி இறுக்கப்பட்ட பெல்ட்டாகவோ, இறக்கை ஒன்று உடைந்து சமநிலை குலைந்த ஃபேனாகவோ இருக்கலாம் என்பதால், அக்காரணத்தைக் களையாமல் பம்பை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் நேர்ந்ததைப் போல வண்டி நீரில் மூழ்கி எழுந்திருந்தால், பேரிங்கின் கிரீஸில் வெளிநீர் கலந்திருக்கக்கூடும். இறக்கைகளின் பின்புறம் புழு அரித்ததைப்போல் காணப்படும் குழிகள் வேறொன்றைச் சொல்கின்றன: பம்பின் நுழைவாயிலில் அழுத்தம் குறைந்து, நீர் ஆங்காங்கே ஆவிக் குமிழிகளாகி, அவை மீண்டும் நொறுங்கும் அதிர்ச்சியில் உலோகம் சிதைந்திருக்கிறது.

இக்குமிழிச் சிதைவுக்குப் பெரும்பாலும் காரணமாவது சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ரேடியேட்டர் மூடி. 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி இறுக்கமாக இருக்கும்வரை, உள்ளேயிருக்கும் நீரின் கொதிநிலை சுமார் 118 டிகிரிக்கு உயர்ந்திருக்கும். ரப்பர் வளையம் வெடித்த மூடியோடு ஓடும் வண்டியில் அது 100 டிகிரிக்கே இறங்கிவிடும். எளிய பொருளாகத் தோன்றும் இம்மூடிக்குச் சென்னையின் தொழில் வரலாற்றில் ஓர் இடம் உண்டு. டி.வி.எஸ். குழுமத்தைச் சேர்ந்த, பாடியில் தொடங்கி வளர்ந்த சுந்தரம் ஃபாசனர்ஸ் நிறுவனம், பிரிட்டனில் ஜெனரல் மோட்டார்ஸ் வைத்திருந்த ரேடியேட்டர் மூடித் தயாரிப்பு இயந்திரங்களை 1990களின் தொடக்கத்தில் வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்து, அந்த அமெரிக்க நிறுவனத்துக்கே மூடிகளை வழங்கத் தொடங்கியது. அதே நிறுவனம் வாட்டர் பம்புகளையும் தயாரிக்கிறது. பம்ப் மாற்றும்போது மூடியையும் சேர்த்து மாற்றுவது மிகையான செலவு ஆகாது.

பம்பைக் கழற்றுமுன், அதுவே காரணமா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். நெரிசலில் நிற்கையில் மட்டும் சூடேறி, ஓடத் தொடங்கியதும் தணியும் வண்டியில் குறை ஃபேனிலோ அதன் கிளட்சிலோ இருக்க வாய்ப்பு அதிகம். வண்டலூர்ப் பக்கம் சுமையோடு விரைகையில் மட்டும் சூடேறினால், நீரோட்டம் குறைவு என்று கொண்டு பம்பையும் ரேடியேட்டர் அடைப்பையும் ஆராயலாம். ரேடியேட்டரில் ஓயாமல் குமிழி எழுந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

இனி பொருத்தம். கடையில் வண்டியின் பெயரைச் சொல்லிப் பம்ப் கேட்பது போதாது. டாடா இன்ட்ரா என்ற ஒரே பெயரில் வி10 வகை 798 சி.சி. இரட்டைச் சிலிண்டர் எஞ்சினையும், வி30 வகை 1,496 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சினையும் கொண்டுள்ளன. 2005இல் 702 சி.சி. டீசல் எஞ்சினோடு அறிமுகமான டாடா ஏஸ், பின்னாளில் பெட்ரோலிலும் சி.என்.ஜி.யிலும் வந்தது. 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திரா பொலிரோ பிக்கப் போன்றவையும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் மாறியபோதெல்லாம் எஞ்சினில் மாற்றங்களைக் கண்டன. நாடு முழுவதும் பி.எஸ்.-4 விதி 2017 ஏப்ரலிலும் பி.எஸ்.-6 விதி 2020 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. எனவே ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண், எஞ்சின் எண், தயாரிப்பு மாதம் ஆகியவற்றைக் கொடுத்துப் பாக எண்ணைப் பெற்று, பிறகு பழைய பம்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே பாதுகாப்பான வழி.

ஒப்பிடுகையில் போல்ட் துளைகள் பொருந்துவதோடு நிறைவடைந்துவிடக் கூடாது. புல்லி அமரும் முகத்தின் உயரம் ஓரிரு மில்லிமீட்டர் வேறுபட்டாலும் பெல்ட் கோணலாக ஓடித் தேயும். இறக்கைகளின் எண்ணிக்கை, உயரம், வளைவின் திசை ஆகிய மூன்றும் ஒத்திருக்க வேண்டும். பெல்ட்டின் பள்ளமுள்ள பக்கத்தால் சுழலும் பம்பும், அதன் முதுகுப் பக்கத்தால் சுழலும் பம்பும் எதிரெதிர்த் திசைகளில் சுழல்வதால், திசை மாறிய இறக்கைகளை உடைய பம்ப் சரியாகப் பொருந்தியும் வண்டியைச் சூடேற்றும்.

வாங்குமிடத்தைப் பொறுத்தவரை, வண்டி நிறுவனத்தின் உறையில் வரும் பம்பையும், அந்நிறுவனங்களுக்கே வழங்கும் உற்பத்தியாளர் தம் பெயரில் விற்கும் பம்பையும் நம்பலாம். இரண்டாவது பெரும்பாலும் விலை குறைவு. உறையில் அச்சு மங்கலாகவும் உடலில் வார்ப்பு எண் இல்லாமலும் இருப்பதை ஒதுக்க வேண்டும். வாகன உதிரிபாகங்களுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைந்திருப்பதால், வாரண்டிக்கு ஆதாரமான ரசீதை விட்டுக்கொடுத்துப் பெறும் ஆதாயம் முன்பைவிடச் சிறிது. புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய பம்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. கியர்பாக்ஸ், கதவு போன்றவற்றுக்கு அச்சந்தை பெரும் உதவி என்றாலும், உரசிப் பழகிய சீல் முகங்கள் காய்ந்து கிடந்தபின் மீண்டும் ஒழுகாமல் இணைவது அரிது என்பதால் பம்புக்கு அது ஏற்றதன்று. பழைய டாடா 407 போன்ற வண்டிகளின் கனத்த வார்ப்பிரும்புப் பம்புகளை மட்டும், உடல் அரிக்கப்படாமல் இருந்தால், ரிப்பேர் கிட் வாங்கி, பிரஸ் வசதியுள்ள லேத் பட்டறையில் புதுப்பிக்கலாம். சிறிய அலுமினியப் பம்புகளை முழுதாக மாற்றுவதே நன்று.

பொருத்தும்போது தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் இன்னும் மறையவில்லை. நீர் உரிய சூட்டை அடையும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் இவ்வால்வு இல்லாவிட்டால் எஞ்சின் குளிர்ந்தே ஓடி டீசலை மிகுதியாகக் குடிக்கும்; பல எஞ்சின்களில் அது மூடவேண்டிய பக்கவழி திறந்தே கிடந்து, சூடான நீர் குளிராமலே திரும்பிவரும். பழைய கேஸ்கெட்டை முகத்தில் கீறல் விழாமல் சுரண்டி எடுத்து, புதியதை வைத்து, போல்ட்டுகளைக் குறுக்கு முறையில், குறிப்பிட்ட டார்க்கிலேயே இறுக்க வேண்டும். சிலிகான் பசையை மிகுதியாக அப்பினால் அது பிதுங்கி உள்ளே உதிர்ந்து ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும். கூலன்டை மெதுவாக ஊற்றி, காற்று வெளியேற்றும் திருகு இருப்பின் அதைத் தளர்த்தி, நீர் நிறைந்தபின் அதை மூடி, தெர்மோஸ்டாட் திறந்து மேல்ஹோஸ் சூடேறும்வரை எஞ்சினை ஐடிலில் ஓடவிட வேண்டும். மறுநாள் காலை எஞ்சின் முற்றிலும் ஆறிய நிலையில் மூடியைத் திறந்து, குறைந்த அளவை ஈடுசெய்து, பெல்ட்டின் இறுக்கத்தையும் ஒருமுறை சரிபார்த்தபின் வண்டியில் சுமை ஏற்றலாம்.