பைக் இண்டிகேட்டருக்கு நாமே செய்யும் எலெக்ட்ரானிக் ஃபிளாஷர்

கம்ப்யூட்டர் வாங்கும்போது பிராஸசர் எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று கேட்டிருப்பீர்கள். விநாடிக்குப் பல நூறு கோடி தடவை துடிக்கும் கடிகாரம் அது. விநாடிக்கு ஒன்றரை தடவைகூடத் துடிக்காத ஒரு கடிகாரத்தை நான் என் பைக்கில் செய்து வைத்திருக்கிறேன். இண்டிகேட்டர் ஃபிளாஷர்தான்.

பழைய வகை ஃபிளாஷருக்குள் இருப்பது இரண்டு உலோகங்கள் ஒட்டிய தகடு. கரண்ட் பாய்ந்தால் சூடாகி வளையும், இணைப்பு விட்டுப்போகும். ஆறியதும் திரும்ப ஒட்டும். முன்னும் பின்னும் 10 வாட் பல்பு என்றால், 12 வோல்ட்டில் சுமார் 1.7 ஆம்பியர். எல்ஈடி மாட்டினால் கரண்ட் பத்தில் ஒரு பங்காகிவிடும். தகடு சூடாகாது. விளக்கு மின்னாமல் எரிந்துகொண்டே இருக்கும்.

இதற்குத் தீர்வு 555 டைமர் ஐசி. ஹான்ஸ் காமென்சிண்ட் 1971-ல் வடிவமைத்தது. இன்றும் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கிறது. இது கரண்ட்டைப் பார்ப்பதில்லை, நேரத்தை மட்டுமே பார்க்கிறது.

இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மின்ன வேண்டும் என்பது விதி. உங்கள் எக்ஸெல்லைத் திறந்து கணக்கிடுங்கள். இரண்டாவது ரெசிஸ்டரை இரண்டால் பெருக்கி, முதல் ரெசிஸ்டரைக் கூட்டுங்கள். அதைக் கெபாசிட்டர் மதிப்பாலும் 0.693-ஆலும் பெருக்குங்கள். நான் போட்டது 10 கிலோ ஓம், 47 கிலோ ஓம், 10 மைக்ரோஃபாரட். செல்களில் 10000, 47000, 0.00001 என்று கொடுக்க வேண்டும். விடை 0.72 விநாடி, அதாவது நிமிடத்துக்கு 83. மதிப்புகளை மாற்றி விளையாடிப் பாருங்கள், சால்டரிங் அயர்னைத் தொடும் முன்பே வேகம் தெரிந்துவிடும்.

முதல் ரெசிஸ்டர் 8, 7-வது பின்களுக்கு நடுவே. இரண்டாவது 7, 6-க்கு நடுவே. 2-ம் 6-ம் சேர்ந்து கெபாசிட்டரின் பிளஸ்ஸுக்கு. அதன் மைனஸ் கிரவுண்டுக்கு. 4-ம் 8-ம் சப்ளைக்கு, 1 கிரவுண்டுக்கு. இந்த ஐசி 16 வோல்ட் வரைதான் தாங்கும்; பைக் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேல் வரும். எனவே சப்ளையில் 100 ஓம் ரெசிஸ்டரும், அதன்பின் கிரவுண்டுக்கு 15 வோல்ட் ஸீனர் டயோடும் கட்டாயம்.

555-ஆல் 200 மில்லி ஆம்பியருக்கு மேல் தர முடியாது. ஆகவே 3-வது பின்னிலிருந்து 4.7 கிலோ ஓம் வழியாக பிசி547 டிரான்ஸிஸ்டரின் பேஸுக்கு. எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் ஐஆர்எஃப்9540 மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு. கேட், சோர்ஸ் நடுவே 10 கிலோ ஓம். சோர்ஸுக்கு பழைய ஃபிளாஷரின் பேட்டரி ஒயர், டிரெயினுக்கு விளக்கு ஒயர். மாஸ்ஃபெட்டின் உலோக முதுகும் டிரெயின்தான். அது சேஸிஸில் பட்டால் ஷார்ட் ஆகும், இன்சுலேட் செய்யுங்கள். பேட்டரி ஒயரில் 5 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் இதில் இழக்கிறோம். பழைய ஃபிளாஷரில் ஒரு பல்பு போனால் மின்னும் வேகம் மாறும் அல்லது மின்னுவதே நின்றுவிடும், ஓட்டுபவருக்குத் தெரிந்துவிடும். நம் சர்க்யூட்டுக்குப் பல்பு இருக்கிறதா என்றே தெரியாது. பின் விளக்கு செத்திருந்தாலும் அதே 83 தான். பின்னால் வரும் லாரிக்காரருக்கு நாம் திரும்புவது தெரியாது. வாரம் ஒருமுறை இரு பக்கமும் சுவிட்சைப் போட்டு, இறங்கி நான்கு விளக்குகளையும் சுற்றிப் பார்த்துவிடுகிறேன். அரை நிமிட வேலைதான்.